பேனல் மேல் போர்வை

இருபது வருடம் மிதித்தே தைத்ததில் தையல்காரியின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. தெருவில் வீட்டுக்கு வீடு சோலார் பேனல் ஏறியபோது அவள் மொட்டைமாடிக்கும் வந்தது. அந்த மின்சாரத்தில் மோட்டார் மிஷின் ஓடியது. வெயிலைக் கரித்துக்கொட்டிய வாயாலேயே அதை வாழ்த்தத் தொடங்கினாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் மோட்டார் முனகி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினால், பேனல்களை மூடி ஈரப் போர்வைகள்! பக்கத்தில் மாமியார்.

"என்ன அத்தை இது?" என்று எகிறினாள்.

"நல்லா சுடுதே, சீக்கிரம் காயும்னு விரிச்சேன். உனக்கு முட்டி வலிக்குமேன்னு நானே துவைச்சேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. தையல்காரி போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் கொடி கட்டித் தரேன் அத்தை. வெயில் நம்ம ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும்."