பனிமூட்டத்தில் ஒரு பசு, படகில் ஒரு கதவு

ஓசூரில் குடிவந்த புதிதில் ஒருநாள் பக்கத்து வீட்டு சாவித்திரிக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிறையும் நேரத்தில் அவள் கையை நீட்டி மறித்து, "சாக்கு, சாக்கு" என்றாள். காபிக்கும் சாக்குக்கும் என்ன சம்பந்தமென்று விளங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தவள் வாய்விட்டுக் கேட்கிறாளே என்று, உள்ளே போய் ஒரு அரிசிச் சாக்கை உதறி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குப் 'போதும்' என்று அர்த்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது. காபி கொடுத்தால் கூடவே சாக்கும் கொடுப்பது தமிழர்கள் வழக்கம்போல என்று அவள் நினைத்துக்கொண்டது அதற்கும் பின்னால் தெரிந்தது.

கோவில்பட்டிப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஓசூரும் தமிழ்நாடுதானே, அங்கே என்ன அந்நிய தேசமா என்று நானும் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பாகலூர் சாலையில் எங்கள் வரிசையில் வீட்டுக்காரம்மா ரத்னம்மா தெலுங்கு, சாவித்திரி கன்னடம். மளிகைக்கடைக்காரரோ எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தே நாக்கை மாற்றிக்கொள்வார். என் முகத்தைப் பார்த்து ஏனோ எப்போதும் தெலுங்கில்தான் தொடங்குவார். கோவில்பட்டியில் வாசலில் நின்று பெருமூச்சு விட்டால்கூட எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து "என்னளா, என்னாச்சு?" என்று சத்தம் வரும். இங்கே ஆகஸ்டு மாதத்திலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆங்கில இலக்கியம் படித்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கணேசனுக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை. வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். நான் குக்கரோடு பேச ஆரம்பித்தேன். அது விசிலாவது அடித்தது.

ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். "நான் அம்மா வீட்டுக்கே போயிருதேன். நீங்க லீவுக்கு வாங்க." அவர் சோற்றைப் பிசைந்தபடியே "சரி" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டோம்.

அந்த இடைவெளியில்தான் ரத்னம்மாவின் மகள் ஹேமா காலை உடைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டரில் விழுந்தவள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து, கூடத்தில் பெரிய டிவிக்கு எதிரே படுத்திருந்தாள். பார்க்கப் போகவேண்டும் என்று அதிரசம் எடுத்துக்கொண்டு போனேன். டிவி முழுக்க ஒரே வெள்ளை. அவளும் அம்மாவும் அந்த வெள்ளையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிவி ரிப்பேரா?" என்றேன்.

"இல்லீங்கக்கா, பனி. மாட்டத் தேடிட்டிருக்காரு. உக்காருங்க" என்றாள் ஹேமா.

பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். பனிமூட்டத்துக்குள் ஒரு மணிச்சத்தம் கேட்கிறது, தூரமாகிறது, கிட்டே வருகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. இரண்டு நிமிடம் பொறுத்து எழுந்துவிடலாம் என்றிருந்தேன். மூன்றாவது நிமிடம் தட்டிலிருந்த அதிரசத்தை நானே எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு ஈரமான மூக்கு வந்தது. பிறகு முழு முகம். "ஆவு வச்சேசிந்தி!" என்று ரத்னம்மா கைதட்டிக் கத்தினார். எனக்கு ஒரு தெலுங்கு வார்த்தையும் தெரியாது. ஆனால் பசு வந்துவிட்டது என்பதைவிட அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? நானும் கத்தினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் பெரிய சத்தம் யாரோ ஒருவருடைய பசுவுக்காக வந்தது.

அதன்பிறகு மதியம் ஆனால் எனக்குக் கால் தரிக்காது. கதாநாயகனும் சண்டையும் இல்லாத, டூயட்டே பாடாத இந்தப் படங்களையெல்லாம் ஹேமா எங்கிருந்துதான் பிடிப்பாளோ! ஒரு குளிர்தேசத்தில் பாட்டுக்குழு நடத்தும் கிழவிகளைப் பற்றி ஒரு ஆவணப்படம். படம் முழுக்கப் பாடவேயில்லை, யார் முன்வரிசையில் நிற்பது என்று சண்டைதான். ஒரு தீவில் காற்று பறித்துப் போன தொப்பிகளையெல்லாம் பொறுக்கி உரியவர்களிடம் சேர்க்கும் மனிதரைப் பற்றி இன்னொன்று. ஆவணப்படம் என்றால் தியேட்டரில் படத்துக்கு முன்னால் வெள்ளநிவாரணம் காட்டுவார்களே, அதுதான் என்று நினைத்திருந்தவள் நான். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்னால் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நடந்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு பொங்கும்.

மாத்திரையின் மயக்கத்தில் ஹேமா பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள். அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை அப்புறம் யார் வாசிப்பது? நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று மொழியும் தெரிந்த ரத்னம்மா அதைக் கன்னடத்தில் சாவித்திரிக்குச் சொல்வார். சாவித்திரிக்கு அந்தத் தாமதம் பொறுக்காது. ஒவ்வொரு வசனத்துக்கும் என் பக்கம் திரும்பி "ஏன்? ஏன்?" என்பாள். நானும் அசராமல் காரணம் சொல்வேன். "ஏன்னா, அந்தக் கெழவிக்குச் சின்ன வயசுல இருந்தே பொறாம." "ஏன்னா, அவருக்குப் பெண்டாட்டி செத்துப்போன துக்கம்." படத்தில் இல்லாத காரணங்களையெல்லாம் நானே உண்டாக்கினேன். ஒருநாள் தூக்கத்திலிருந்து விழித்த ஹேமா இதைக் கேட்டுவிட்டு, மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரியோ சிரியென்று சிரித்தாள். "அக்கா, கன்னடத்துல 'ஏன்'னா 'என்ன'ங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னுதான் சாவித்திரியக்கா கேக்கறாங்க!"

ரத்னம்மா அதைக் கன்னடத்தில் சொன்னதும் சாவித்திரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு என் கையைப் பிடித்து, காரணத்தை நிறுத்தவேண்டாம், படத்தைவிட அதுதான் நன்றாக இருக்கிறது என்று ரத்னம்மா வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

இத்தனை சந்தோஷத்திலும் குறித்த நாள் நெருங்கியது. போகவில்லை என்று நானாக எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. போகாதே என்று அவரும் சொல்லவில்லை. கிளம்பவேண்டிய அன்று காலை அவர் லீவு போட்டிருந்தார். பையைக் கட்டி வாசலில் வைத்தோம். அப்போது வனத்துறை ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. சானமாவுக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, யாரும் வெளியே வரவேண்டாம் என்று மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டே போனது. தெருவில் நின்றவர்கள் கைக்கு எட்டிய வீட்டுக்குள் நுழைந்தார்கள். ரத்னம்மாவின் வீடுதான் பெரியது. தக்காளி ஏற்ற வந்த லாரி டிரைவர், கேஸ் சிலிண்டர்காரர், சாவித்திரியின் மாமியார், நாங்கள் இருவர், எல்லோரும் அந்தக் கூடத்துக்குள் அடைந்தோம். ஹேமாவோ ஊன்றுகோலோடு எழுந்து டிவியைப் போட்டாள்.

ஒரு பெரிய ஆறு. ஒரு வயசான தம்பதி, மகன் கட்டும் புதுவீட்டுக்காக மரக்கதவு ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நடு ஆற்றில் படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிடுகிறது. இருவரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நான் கட்டிலோரம் நின்று தமிழில் சொல்ல, ரத்னம்மா தெலுங்கில் சொல்ல, இந்த ஒரு மாதத்தில் என் தமிழைப் பிடித்துக்கொண்ட சாவித்திரி கன்னடத்தில் சொன்னாள். மூன்று மொழியில் சண்டை சூடுபிடித்தது. லாரி டிரைவர் கிழவன் கட்சி. மாமியார் கிழவி கட்சி. "கயிறு கட்டி இழுய்யா!" என்று சிலிண்டர்காரர் டிவியைப் பார்த்து யோசனை சொன்னார். யானையை எல்லோரும் மறந்தே போனோம்.

கிழவி தண்ணீரைப் பார்த்தபடி ஏதோ கேட்டாள். நான் சொன்னேன்: "என்னய எங்க கொண்டாந்து எறக்கியிருக்கீங்க? ஒரு வார்த்த பேச ஆளிருக்கா இங்க? போறேன்னு சொன்னா சரிங்கிறீங்க. இருன்னு சொல்ல வாய் வராதா உங்களுக்கு?"

ரத்னம்மா தெலுங்கில் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் கணேசன் பக்கமே திரும்பவில்லை. படத்தில் கிழவன் மெதுவாக எழுந்து, கதவைச் சுற்றிக்கொண்டு வந்து கிழவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து ஜீப் திரும்பி வந்தது. யானைகள் ஏரிப்பக்கம் போய்விட்டன, போகலாம் என்றது. ஒருவரும் எழவில்லை. கணேசன் மட்டும் என்னருகே வந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்புவமா?"

"படம் முடியலயே."

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தக் கெழவி பேசும்போது கீழ எழுத்துல ரெண்டு வார்த்ததான் வந்துச்சு, செல்வி. நீ நாலு வரி சொன்ன."

"ஆமா. 'எங்கே இருக்கோம்'னு கேட்டா. அவ்வளவுதான்."

"மிச்சம்?"

நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஏன்? ஏன்?" என்று பின்னாலிருந்து சாவித்திரி அவசரப்படுத்தினாள். அவர் தரையில் லாரி டிரைவருக்குப் பக்கத்தில் இடம்பண்ணி உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "இரு செல்வி. போகாத. நீ போறதுல எனக்கு இஷ்டம்னு நெனச்சியா? உனக்குப் பிடிக்கலையேன்னுதான் வாய மூடிட்டிருந்தேன்." ரத்னம்மா இதைப் படத்தின் வசனம்போலத் தெலுங்கில் சத்தமாகச் சொல்ல, சாவித்திரி கன்னடத்தில் சொல்ல, லாரி டிரைவர் விசில் அடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அடுத்த பத்து வசனங்களை யாருக்குமே சொல்லவில்லை. கதவு கரை சேர்ந்ததா என்று இன்றுவரை அந்தக் கூடத்தில் இரண்டு கட்சி உண்டு.

பொங்கலுக்குக் கோவில்பட்டி போய் ஒரு வாரம் இருந்தேன். வெயில் இதமாக இருந்தது. எல்லோரும் என்னிடம் தமிழில் பேசினார்கள், வாய் வலிக்கப் பேசினேன். திரும்பும்போது மதுரை தாண்டி பஸ் திண்டுக்கல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போன் பண்ணினாள். "போயிட்டியா தாயி, எதுவரைக்கும் போயிருக்க?" வைத்த கையோடு ரத்னம்மா அழைத்து, எதுவரை வந்திருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். "வஸ்தா உண்ணாவா? எந்த தூரம் வச்சினாவு?" அதே பஸ், அதே ஜன்னலோரம். ஒருத்திக்கு நான் போய்க்கொண்டிருந்தேன், இன்னொருத்திக்கு வந்துகொண்டிருந்தேன். இருவருக்கும் திண்டுக்கல் என்றே சொன்னேன்.