துரை இங்கிலீஷைக் கண்டுபிடித்தவன்

மாமல்லபுரம் பயணியர் பங்களாவில், தங்கிப் போனவர்கள் அபிப்பிராயம் எழுதும் நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. பெயரைப் பார்க்காமலே, எழுதியவர் வெள்ளைக்காரரா நம்மாளா என்று சொல்லிவிடலாம்! சமையல்காரரில் ஆரம்பித்து கலெக்டர்வரை நன்றி சொல்லியிருந்தால் நம்மவர். 'கொசு அதிகம். மீன் நன்று' என்று முடித்திருந்தால் துரை.

கூட வந்த கூட்டாளி, சைக்கிள் கடைக்காரன், பெயர்களை உள்ளங்கையால் மறைத்து மறைத்துக் கேட்டான். பன்னிரண்டில் பதினொன்று சரி. செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் பாடம் நடத்தினேன்.

பி.ஏ. முடித்து ஒரு வருஷமாக வீட்டில் சோறு மட்டும் தின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம் சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா வேலைக்கு விளம்பரம் போட்டது. துரைக்குத் துரை பாணியிலேயே எழுதினேன். வேலை வேண்டும், படித்திருக்கிறேன், வருகிறேன். அவ்வளவுதான்.

"இன்னா மச்சான், மனு எழுதச் சொன்னா தந்தி அடிச்சிகினு கீறே?" என்றான் கூட்டாளி.

"உனக்குப் புரியாதுடா."

எட்டாம் நாள் பதில் வந்தது. நேரில் வரவும் என்று இரண்டே வரி, கீழே துரையின் கையெழுத்து.

"பாத்தியா? தாய்ப்பாலோட வந்த இங்கிலீஷ்!" என்று தெருவெல்லாம் காட்டினேன்.

போனால், துரையைக் காணோம். நெற்றி நிறைய விபூதியுடன் தலைமை குமாஸ்தா என் மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்பா, வேலைக்கு வந்தியா, கம்பெனியை வாங்க வந்தியா?"

"துரைக்கு இப்படித்தான் பிடிக்கும்னு... அவர் பதிலே அப்படித்தானே சார் இருந்துது?"

"அது நான் எழுதினது. இருபது வருஷமா எல்லாக் கடுதாசியும் நான்தான். அவர் கையெழுத்துப் போடுவார். இவ்வளவு திமிரா எழுதினவன் மூஞ்சியைப் பாக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

அவருக்கு ஊர் மதுராந்தகமாம்.

"திங்கட்கிழமை மரியாதையா ஒண்ணு எழுதி எடுத்துட்டு வா. பாக்கலாம்."

இன்று சனிக்கிழமை. முழுத்தாள் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். மேலே துரையின் பதவியைப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தலைமை குமாஸ்தாவுக்கே எழுதப் போகிறேன். அவர் பிள்ளைகுட்டிகளின் க்ஷேமத்துக்குப் பிரார்த்திக்கும் வரியை ஆரம்பத்தில் வைப்பதா, முடிவிலா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.