மெமரிக்கு அரம் போட்ட மாமா

காலை எட்டு நாற்பது. காசிமேட்டில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் சிந்தியிருந்த பச்சைத் தூள். பக்கத்தில் ஒரு சிறிய அரம். அதற்கப்பால் அடிமூடி கழற்றிய லேப்டாப். அதன் முன்னால் அக்காவின் கணவர், என் மாமா, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதரைக்கு அக்காவுக்கு ஆன்லைன் தேர்வு. பதிவு செய்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைத் தனியே விட முடியாது. லாஞ்சு என்கிற விசைப்படகில் இன்ஜின் பார்க்கும் மாமா கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். தேர்வுக்கான மென்பொருள் எட்டு ஜிபி மெமரி கேட்டது. லேப்டாப்பில் நான்குதான் இருந்தது. இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தது.

அதற்கான மெமரியை நான்தான் கொடுத்தேன். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் கழித்துக்கட்டிய லேப்டாப்பிலிருந்து எடுத்தது. டெஸ்க்டாப்புக்கு உரியது நீளம், லேப்டாப்புக்கு உரியது அதில் பாதி என்ற அளவில் எனக்குத் தெரியும். நீளத்தைப் பார்த்தேன், சரி என்றேன். கையில் இருப்பது டிடிஆர்3, அக்காவின் லேப்டாப் கேட்பது டிடிஆர்4 என்பதைப் பார்க்கவில்லை. ஒரு தலைமுறை மெமரி இன்னொன்றின் ஸ்லாட்டில் ஏறிவிடக் கூடாதென்றே விளிம்பில் உள்ள பள்ளத்தை இடம் மாற்றி வைக்கிறார்கள். முந்தின நாள் மாலை மாமா போன் செய்தார். "மச்சான், நீ குட்த்தது உள்ள போவ மாட்டேன்னுது. பள்ளம் வேற எடத்துல கீது." எனக்குப் பத்திரிகையில் பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரம். "அழுத்திப் போடுங்க மாமா, போயிடும்" என்று வைத்துவிட்டேன்.

பழைய படகு இன்ஜின்களுக்கு அளவான பாகம் கிடைக்காது. கிடைத்ததை அரத்தால் ராவி உட்கார வைப்பதுதான் மாமாவின் வேலை. அப்படி ராவிய பாகத்தோடு நடுக்கடலிலிருந்து படகைக் கரை சேர்த்தவர். மெமரியின் பச்சைத் தகட்டிலும் புதிய பள்ளம் ராவினார். உட்கார்ந்தது. நான் வருவதற்குச் சற்று முன் பவர் பொத்தானை அழுத்தியதும் கருகிய வாடை வந்தது, மதர்போர்டு போய்விட்டது.

அக்கா அழவில்லை. "இன்ஜினு மேல வெக்கிற கைய இத்து மேல வெச்சிகீறியே, இது இன்னா லாஞ்சா?" என்றாள்.

"உன் தம்பிதான் அழுத்திப் போட சொன்னான்."

"அரம் போடச் சொன்னேனா?" என்றேன். சொல்லவில்லைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கொடுத்ததே தவறான மெமரி என்பது பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை. மாமா செய்தித்தாளைத் தூளோடு மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"மெமரிக்கே அரம் போட்ட ஆளுப்பா" என்று துறைமுகத்தில் இன்றும் அவரைக் கேலி செய்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். பிழை வந்தால் மறுநாளே திருத்தம் வெளியிடுவது எங்கள் பத்திரிகையின் வழக்கம். இதை நான் திருத்தியதில்லை.

அன்று அக்கா தேர்வு எழுதவில்லை. பிறகு அவளுக்கு மீஞ்சூரில் ஒரு கிடங்கில் பில் போடும் வேலை கிடைத்தது. மாமா கடலில் இருக்கும் நாட்களில், காலை ரயிலுக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். மாமியார் உள்ளே இருக்கிறார்.