மாப்பிள்ளை பிரித்த கிட்டார்

பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று காலை, சட்டைப் பையில் இருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார் அம்மா. நான் கேட்கவில்லை. இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைவீதியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. முதலாளியே கைவிட்ட பெட்டிகள் சிலவற்றைப் பாட வைத்திருந்தேன். அந்தக் கர்வம் தலைக்கேறியிருந்த காலம். மற்றவர்கள் பையில் பேனா குத்திக்கொள்வார்கள், நான் ஸ்க்ரூ டிரைவர் குத்திக்கொள்வேன். அது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிய துணியில் சட்டை தைத்துப் போட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் முகம் சுண்டிவிடுகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அப்பா இல்லை. அம்மா கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை, ஒரு காம்பரா எங்களுக்கு. பெண் வீடு வட்டவளைப் பக்கம். பெண்ணின் அப்பா அங்கே தேயிலை ஸ்டோரில் கணக்கப்பிள்ளை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கணக்கப்பிள்ளை வீடும் லயத்து வீடும் சம்பந்தம் பேசுவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. அந்த உத்தியோகத்தில் இருந்தவர்கள் என் அம்மாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. மலையில் 'ஏய்' என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களில் ஒருவர், பையன் டவுனில் தொழில் தெரிந்தவன், குடி கிடி இல்லாதவன் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே ஆள் விட்டிருந்தார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், பார்க்காத பெண்ணின் மேல் என்ன ஆசை வரும்? அம்மா ஒரு கணக்கப்பிள்ளைக்குச் சம்பந்தி ஆவதைப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை.

வட்டவளையில் மழை. ரயிலை விட்டு இறங்கி இருவரும் ஒரே குடைக்குள் பாதி நனைந்தபடி ஏறினோம். ஸ்டோருக்குப் பக்கத்திலேயே அவர்கள் குவாட்டர்ஸ். ஸ்டோரிலிருந்து கரண்ட் இழுத்திருந்தார்கள். முன்னறையில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று, மேலே பூப்போட்ட துணி விரித்து, வீட்டுக்குப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. கணக்கப்பிள்ளை வாசலுக்கே வந்து கூப்பிட்டார். அம்மாவுக்கு நாற்காலியைக் காட்டினார். அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்க ஐயா."

"ஐயா கிய்யாவெல்லாம் இனி வேணாங்க. சம்பந்தியாகப் போறோம்."

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. கொடுத்துவிட்டு உள் கதவோரம் பாயில் போய்த் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு நல்லபடியாகவே போயிற்று. வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்குப் போயிற்று. அந்த இடத்தில் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

அவளுடைய அண்ணன் என் வயதுக்காரன். உள்ளே போனவன் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை விற்றிருக்கிறார், அதில் வாங்கியதாம். அப்படியொரு சாமானை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

"நாந்தான் சும்மா வாசிக்கிறது," என்றான், ஒரு தரம் தங்கச்சி பக்கம் பார்த்துவிட்டு. "நம்ம ரேடியோ பின்னால கிராமபோனுக்குன்னு ரெண்டு ஓட்ட இருக்குல்ல, அதுல வயரச் சொருகினா சத்தம் வருது. ஆனா ஒரே கரகரப்பு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மச்சான்."

மச்சான் என்று வேறு கூப்பிட்டுவிட்டான். வயரைச் செருகி, தந்திகளை விறைப்பாக நாலு இழுப்பு இழுத்துக் காட்டினான். கிட்டார் கொஞ்சம் அசைந்தாலும் காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ரேடியோ கரகரத்தது.

ரேடியோவில் கரகரப்பு என்றால் பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில்தான் கோளாறு. உள்ளே கரி தேய்ந்திருக்கும். கிட்டாரிலும் அதே மாதிரி ஒரு குமிழ் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

"வால்யூம் போயிருக்கு. பிரிச்சுப் பாத்துருவோம்."

நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் எதற்கு என்றார் கணக்கப்பிள்ளை. அம்மா கண்ணைக் காட்டினார். நான் அதற்குள் சட்டைக் கையை மடித்து, வெள்ளை வேட்டியோடு தரையில் சம்மணம் போட்டுவிட்டேன். சபையில் வித்தை காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"வால்யூம் இல்லண்ணே. வயர் குத்துற எடந்தான் ஆடுது. அந்த நட்டு லூசாயி உள்ளுக்குள்ளேயே சுத்துது. வெரலால அமுக்கிப் புடிச்சா கரகரப்பு நின்னுருது."

கிட்டாரில் வயரின் முனை போய் உட்காருகிற துளையை ஜேக் என்பார்கள். அதைத்தான் அவள் சொன்னாள். அண்ணனிடம்தான் சொன்னாள், மரியாதையாக, தணிந்த குரலில். எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலில், என் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, எனக்கே பாடமா?

"ரேடியோ மெக்கானிக் நீங்களா, நானா?"

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அதன் சூடு எனக்கே உறைத்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தப்புச் செய்தது நான், எழுந்து நின்றது அவர். மறுபடி உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

அந்த நிமிஷமாவது "தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சொன்னதை நிரூபிக்கப் புறப்பட்டேன். சட்டைப் பை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கிட்டாரின் முகப்புத் தகட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு ஆணி உருண்டு ரேடியோ மேசைக்கு அடியில் போயிற்று, அதைத் தேடிக் குப்புறப் படுத்தேன். தகட்டைத் தூக்கும்போது சரியாக வரவில்லை. கொஞ்சம் வேகமாக இழுத்தேன். உள்ளே ஏதோ பட்டென்று விட்டது. மறுகணம் ரேடியோ எருமை மாதிரி அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. ஜேக்கில் ஏற்கெனவே முறுக்கிக் கிடந்த வயரை நான் அறுத்துவிட்டேன். அவள் சொன்ன அதே இடம். கணக்கப்பிள்ளை எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார்.

"பரவாயில்லங்க. அது கெடக்கட்டும். நாங்க தகவல் சொல்லி அனுப்புறோம்," என்றார்.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். வேட்டி முழங்காலில் தரைச் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது, அதையே தேய்த்துக்கொண்டு வந்தேன் நான். அட்டன் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் புள்ள நல்ல மாதிரிதானப்பா சொல்லிச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நாலு அறை கொடுத்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

தகவல் வரவில்லை. நான் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போகும்போது அம்மா முதலில் அதைத்தான் கேட்பார். டவுனில் யாராவது வந்து சொன்னார்களா என்று. லயத்தில் மற்றவர்கள் அவரைக் கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய் அந்தக் கிட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் மனம் மாறுவார்கள் என்று ஒரு நினைப்பு. பெண் வீட்டு முடிவு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை போய் நிற்பது முறையில்லை. தெரிந்தும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈயம் பற்றவைக்கிற கோலும் மற்றச் சாமான்களும் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாமல் வட்டவளைக்கு ரயில் ஏறினேன்.

அண்ணன்தான் கதவைத் திறந்தான். வந்த காரியத்தைச் சொன்னேன். முகம் கொடுத்துத்தான் பேசினான். "செரிங்க," என்று கிட்டாரைக் கொண்டுவந்து வெளி வராந்தாவில் ஒரு பலகை போட்டு வைத்தான். உள்ளிருந்து கரண்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தான். வராந்தாவில் உட்கார வைத்தது எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. வெளிச்சம் அங்கேதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை அவள் சொன்ன இடத்தை முதலில் பார்த்தேன். வயரைச் செருகி அசைத்தால் ஜேக் முழுதாகக் கூடவே சுழன்றது. தகட்டைப் பதமாகத் தூக்கினேன். வயர் முனையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய தகர நாக்கு தளர்ந்து கறுத்துப்போயிருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு நூல் அளவு உள்ளே வளைத்தேன். அறுந்த வயரின் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். ஜேக் சுற்றாமல் உள்ளே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். சின்ன வேலை. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

"பாக்கச் சொல்லுங்க," என்றேன். அண்ணன் வாங்கிக்கொள்வான் என்று நீட்டினேன். அவன் உள்ளே திரும்பித் தங்கச்சியைக் கூப்பிட்டான்.

அவள் வந்தாள். தலைக்குக் குளித்துத் துவாயால் கட்டியிருந்தாள். வீட்டுச் சேலை. கிட்டாரை என் கையிலிருந்தே வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, முன்னறை ரேடியோவிலிருந்து வந்த வயரைச் செருகி, திருகாணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தாள். பிறகு வாசித்தாள். ரேடியோவில் அடிக்கடி வருகிற ஒரு பாட்டின் மெட்டுத்தான். ஆனால் அவள் விரல்கள் தந்தியில் ஓடிய ஓட்டம் ஒரு நாளில், ஒரு வருஷத்தில் வருகிற ஓட்டம் இல்லை. கரகரப்பு துளியும் இல்லை. வேண்டுமென்றே வயரை ஆட்டிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

கிட்டார் அவளுடையது. பெண் பிள்ளை எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அன்றைக்கு அண்ணன் பெயரில் போட்டு மறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவளிடம்தான் மெக்கானிக் நீங்களா நானா என்று கேட்டிருக்கிறேன். காதெல்லாம் கொதித்தது. ஆனாலும் அந்த வெட்கத்தையும் மீறி எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. இதோ, என் முன்னால் வந்து உட்கார்ந்து வாசிக்கிறாள், ஒளிவு மறைவில்லாமல்! மனம் மாறிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்தப் படிக்கட்டு ஓரத்தில் நின்று முடிவு செய்தேன். முடிவு செய்கிற இடத்தில் நான் இருப்பதாக இன்னும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குங்க," என்று அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கணக்கப்பிள்ளை வெளியே வந்தார். கோபமே இல்லை. சிரித்த முகம்.

"எவ்வளவுங்க ஆச்சு, மெக்கானிக்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாப்பிள்ளையாக வருகிறவனிடம்தான் பெண் வாசிப்பதை மறைக்க வேண்டும். ரிப்பேருக்கு வந்தவனிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவன் என்ன நினைத்தால் அந்த வீட்டுக்கு என்ன?

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். கடையில் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்வி, பதில் தானாக வந்து விழுந்தது.

"ஒன்னரை ரூவாங்க."

கொடுத்தார். கையை நீட்டி வாங்கினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, வட்டவளையிலிருந்து யாராவது வந்தார்களா என்று அம்மா கேட்டார். இன்னும் இல்லை என்றேன். வைகாசி தாண்டியும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.