பசியாறாதவர்களின் நோய்

மலேசியாவின் ரந்தாவ் ஊர்க் கடைகளில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வேண்டுமென்றால் 'தே ஓ கோசோங்' என்று கேட்க வேண்டும். கோசோங் என்றால் மலாயில் வெறுமை. தஞ்சாவூரிலிருந்து வந்த புதிதில், விடிந்ததும் வெறுமையைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் சர்க்கரை நோயை ஆராயும் குழுவில் எனக்கு வேலை. என்னோடு பணிபுரியும் டாக்டர் சாந்தி இந்தத் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்து மக்கள் பேசுவதை அவர் பதிவுசெய்து வருவார். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஒன்றிடம் கொடுத்து நோய்க்குறிகளைப் பிரித்தெடுப்பது என் பொறுப்பு.

ஒருமுறை அது, பெரும்பாலோருக்குப் பசியின்மை என்றது. சர்க்கரை நோயில் பசி கூடத்தான் செய்யும், இங்கே தலைகீழ். தோட்டத்துக்கென்றே தனி நோயொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மனம் துள்ளியது. மறுநாள் குழுத் தலைவரிடம் காட்டி, அத்தனை பேருக்கும் மேலும் சோதனைகள் கேட்பதாக இருந்தேன்.

எதற்கும் மூலத்தைப் பார்த்தேன். ஆளாளுக்கு, "இன்னும் பசியாறல டாக்டர்" என்றிருந்தார்கள். பாவம், இயந்திரத்துக்குத் தமிழ் போதாது என்று நினைத்துக்கொண்டேன். பசி ஆறவில்லை என்றால் தீராத பசியல்லவா? 'அடங்காத பசி' என்று பெருமையாகத் திருத்தி, சாந்தியை அழைத்துக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில இன்னும் ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்றாங்க லா. ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு நாமதானே சொன்னோம்?"

"அப்ப நோய்?"

"நோய் நமக்குத்தான்."

வந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கார அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். ஏதோ நலம் விசாரிக்கிறார் என்றெண்ணி, "ஆறிடுச்சுக்கா" என்றேன். அவர் கையிலிருந்த தோசைத் தட்டு அப்படியே உள்ளே திரும்பிப் போனது. அன்று மதியம்வரை என் வயிறு புலம்பியது.

தலைவரிடம் போகவிருந்த கண்டுபிடிப்பைக் கைவிட்டோம். பதிவுகள் அனைத்தையும் இருவரும் காதால் கேட்டுச் சரிபார்த்தோம். காலில் எரிச்சலும் மங்கலான பார்வையும் மிஞ்சின, அவை நிஜமானவை. பார்வை மங்கியிருந்தவர்களில் சிலரை சாந்தி அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்.

பிறகு இயந்திரத்துக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலை உணவு உண்பது' என்று தட்டினேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து சாந்தி கேட்டார்: "எங்கள் ஊரா? எப்போலேருந்து?"

அழிக்கும் விசைமேல் விரலை வைத்தேன். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.