ரெண்டு வாரத்துக்கு விட்டுப்போன வண்டி

டயாலிசிஸ் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் அவளை நோயாளிகள் எல்லோரும் டியூப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு குழாயையும் அவள் தொடமாட்டாள். வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் எழுதி, இரண்டு முனையிலும் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அப்படிப்பட்டவளின் வீட்டு வாசலிலேயே ஆறு வருடமாக ஒரு பெரிய குழாய்ச் சிக்கல் படுத்துக் கிடந்தது. தம்பியின் கார். ரெண்டே கதவு, ரெண்டே சீட், தரையோடு தரையாகத் தாழ்ந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, "ரெண்டே வாரம்க்கா, ஃப்ரெண்டு வந்து எடுத்துட்டுப் போயிடுவான்" என்று சொல்லி முன்பக்க ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனான். வீட்டுக்குள் போக இருந்த ஒரே வழி அந்த ஷெட்தான். அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடந்தார்கள். காய்கறிப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரில் முதுகு உரச உள்ளே போகவேண்டும். புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது அது உள்ளே நுழையாமல் கடைக்கே திரும்பிப் போனது.

எல்லோரும் என்றால் இரண்டே பேர். அவளும் அப்பாவும். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேட்காத வார்த்தைக்காகவே அவளும் அந்த வீட்டில் எதையும் எதிர்த்துப் பேசியதில்லை. அப்பா பார்சல் ஆபீசில் முப்பது வருடம் மூட்டை கட்டியவர். இப்போது அவருக்கு இருந்த ஒரே வேலை காலையில் ஈரத்துணியால் வண்டியைத் துடைப்பது. "பையன் வண்டி. வர்றப்போ பளிச்சுன்னு இருக்கணும்ல."

பையன் வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன் அந்த ஃப்ரெண்டு மட்டும் ஒருமுறை புது பேட்டரியோடு வந்தான். சாவியைத் திருப்பத் திருப்ப இஞ்சின் இருமியதே தவிரப் பற்றவில்லை. அரைநாள் மல்லுக்கட்டிவிட்டு, "இது ஆகாதுக்கா" என்று பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் வேறு ஊரில் புது டயாலிசிஸ் பிரிவு திறந்து, அதற்குப் பொறுப்பாளராக அவளைக் கூப்பிட்டது. தங்க வீடும் உண்டு. ஒரு மாதத்துக்குள் சேரவேண்டும். அவள் அப்பாவிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"நீ போம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"உங்களத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போறது?"

"வண்டிய யாரு பாத்துக்குவா? திடீர்னு அவன் வந்து நின்னா, வீடு பூட்டிக் கிடக்கணுமா?"

அப்பாவை விட்டுப் போகமுடியாது. அப்பா வண்டியை விட்டு வரமாட்டார். வண்டியோ ஓடாது. சரி, ஓடவைத்து அனுப்பிவிடலாம் என்று தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

இஞ்சின் எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது. தம்பி ஆசைப்பட்டு மாட்டிய ரெண்டு ஜதை ஹாரன், அறுத்துவிட்ட அலாரம் பெட்டி, பாட்டுக்கென்று இழுத்த தடித்தடி ஒயர்கள், எங்கும் போய்ச் சேராத ரப்பர் குழாய்கள், எல்லாவற்றுக்கும் நடுவே எலி கட்டிய பஞ்சுக்கூடு.

"அக்கா, இதுல கைய விட்டா கை திரும்பி வராது. மொதல்ல குப்பைய எடுங்க, அப்புறமா கூப்பிடுங்க" என்று அவர் நடையைக் கட்டினார்.

அந்த வார விடுமுறையில் டியூப் அக்கா பிளாஸ்டர் உருளையோடு ஷெட்டில் இறங்கினாள். ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே போய், இரண்டு முனையையும் கண்டுபிடித்து எழுதி ஒட்டி, போனில் படம் பிடித்தாள். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் அது குப்பை. மத்தியானத்துக்குள் ஹாரன்கள் போயின, அலாரம் போனது, எலிக்கூடு போனது. ஒரு சாக்கு நிறைந்தது. அழுக்குக்கு அடியிலிருந்து அலுமினியம் எட்டிப் பார்த்தது. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். "போதும்மா, மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார்.

இஞ்சினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு ஒயர் மறைவதைப் பார்த்து அவள் கையை விட்டாள். முழங்கைவரை போனது. திரும்ப இழுத்தபோது மணிக்கட்டு எதிலோ மாட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். வரவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கலாமென்றால் வலதுகை முழுக்கக் கரி.

"அப்பா, கை மாட்டிக்கிச்சு."

உள்ளே அவளுடைய விரல்நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. நூல். சணல் நூல். இரண்டு சுற்றுக் குறுக்கே போட்டு, இறுக்கி, மிச்ச முனையை உள்ளே செருகிய முடிச்சு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுடைய புத்தகக் கட்டிலும், மருந்துப் பையிலும், கல்யாணத்துக்குப் போன பெட்டியிலும், அதே கல்யாணத்திலிருந்து அப்பாவே போய்க் கட்டி எடுத்துவந்த பெட்டியிலும் அவள் அவிழ்த்த முடிச்சு அது. பார்க்கவே வேண்டாம். கழற்றிய ஒயரின் முனையை யாரோ பத்திரமாகத் துணி சுற்றிக் கட்டி ஒளித்து வைத்திருந்தார்கள்.

அவள் குனிந்தபடியே கேட்டாள். "இந்த ஒயர் எதோடதுப்பா?"

அப்பா டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்."

"இஞ்சினப் பத்தவைக்கிற காயிலுக்குப் போறது" என்றார் மெதுவாக. "அதக் கழட்டிட்டா வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு எங்க ஆபீஸ் லாரி டிரைவர் சொல்லியிருக்கான்."

"ஃப்ரெண்டு வந்தப்பவா?"

"அதுக்கு முந்தின நாளு. அவன் எடுத்துட்டுப் போயிட்டா, பையனுக்கு இங்க வர என்னம்மா இருக்கு? வண்டிக்காகவாவது ஒரு நடை வருவான்னு நெனச்சேன்."

கை மட்டும் வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கத்தியிருக்கலாம். எழுந்து தெருவோடு போயிருக்கலாம். இப்போது எதற்கும் வழியில்லை. கன்னம் வண்டியின் ஓரத்தில் அழுந்த, அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இருக்கேனே அப்பா, நான் உங்களுக்குக் கணக்குலயே இல்லயா?"

"நீ எங்கம்மா போகப்போற?" என்றார் அவர். ஒரு பொல்லாப்பும் இல்லாமல், காலையில் வெயில் வரும் என்பதுபோல் சொன்னார். சொன்னபிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பிவர ரொம்ப நேரமானது. கையில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர். சந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தோல் உரிந்து, ரத்தக் கீறலோடு கை வெளியே வந்தது. அந்தக் கீறலை அவரே பிளாஸ்டர் கிழித்து ஒட்டினார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அவள் நீளமான குறடால் நூலை வெட்டி, ஒயரை அதன் இடத்தில் மாட்டினாள். மெக்கானிக் வந்து டேங்கில் நாறிக்கிடந்த பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புது பேட்டரி வைத்தார். "யாரு அக்கா இவ்வளவு சுத்தமா செஞ்சது? எங்கிட்ட வேலைக்கு வாங்களேன்" என்றார். நாலாவது முயற்சியில் வண்டி உறுமியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவள் தம்பிக்குப் படம் அனுப்பி, "வித்துடலாமாடா?" என்று கேட்டாள். உடனே போன் வந்தது.

"அக்கா! சூப்பரா பண்ணிட்டியே! இவ்வளவு நல்லா இருக்கற வண்டிய யாராவது விப்பாங்களா? அங்கயே இருக்கட்டும். அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்."

நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, தன்னை அடைத்திருந்த சுவருக்குத் தானே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. "இங்க வெச்சுக்க முடியாதுடா" என்றாள். வாழ்க்கையில் முதல்தடவை.

"அப்பா என்ன சொல்றாரு? அவர்ட்ட குடு."

அப்பா போனை வாங்கி, மகன் சொல்வதை முழுக்கக் கேட்டார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"ஆள அனுப்பி எடுத்துக்கப்பா. நடக்க வழியில்ல" என்றார். போனை மகளிடம் நீட்டிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஃப்ரெண்டு வந்து எடுத்துப்போக இன்னும் ஐந்து வாரம் ஆனது. அதுவரை அப்பா வீட்டை விட்டு வரமாட்டேன் என்றார். அதற்குள் புது ஊர் வேலைக்கு வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். அந்தச் செய்தியை டியூப் அக்கா ஒரு நோயாளிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள். மாட்டி முடித்து, பேர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனாள்.

வண்டி போன அன்று அப்பா வெளியே வரவில்லை. மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது ஷெட் காலியாக இருந்தது. தரையில் வண்டி நீளத்துக்கு எண்ணெய்க் கறை. அவள் சுவரில் முதுகை உரசிக்கொண்டு, பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பாதி தூரம் பக்கவாட்டில் நடந்த பிறகுதான் கவனித்தாள். பையை இறக்கினாள்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார். "அந்த ஊர்ல மறுபடியும் ஆள் எடுப்பாங்களாம்மா?"

"தெரியலப்பா. கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.