சாய்ந்த எழுத்தில் ஓர் அழைப்பிதழ்

"அண்ணன் வாசித்தாயிற்று. அடிக்கலாம்."

அத்தையின் கல்யாண அழைப்பிதழுக்கு எடுத்த கடைசி ப்ரூஃபின் பின்பக்கம், பென்சிலில், அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. தேதி இல்லை. கரண்ட் பில்லின் மேல்கூட தேதி எழுதிவைக்கிற எனக்கு இது ஒரு குறைதான். மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்தேன் என்பதை வைத்து, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்பதுவரை வந்திருக்கிறேன்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தைக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஸ்டென்சிலை வைத்து, விறைத்து நிற்கிற ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தகட்டுக்கும் திருகுக்கும் பெயர் எழுதுவாள். தன் பெயராவது கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அச்சகத்தின் மாதிரிப் புத்தகத்தில் ஓர் எழுத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். அச்சகக்காரர், "நக்கோ பேட்டி, பஹுத் பாரீக் ஹை" என்று உருதுவில் தடுத்தாராம். அத்தனை மெல்லிய கோடு அச்சில் நிற்காது என்பது அவர் கவலை. அத்தை வழவழப்பான தாளுக்கு மாறினாள், கருநீல மை கேட்டாள், மூன்று முறை ப்ரூஃப் எடுக்கவைத்தாள்.

மூன்றாவது ப்ரூஃபை எனக்குத்தான் முதலில் காட்டினாள். அதற்குமுன் எழுத்தை நான் பார்த்ததே இல்லை, படிக்க மட்டுமே செய்திருக்கிறேன் என்று அன்று தோன்றியது. எல்லா எழுத்துகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கோடுகளின் நுனியில் எறும்பின் கால் போல ஒரு சின்ன வளைவு. கோடு கீழே வரும்போது சற்றே தடித்து, மேலே ஏறும்போது தலைமுடியாக இளைத்தது. மாப்பிள்ளை பெயருக்கும் அத்தை பெயருக்கும் நடுவில் இருந்த 'அண்ட்' குறி, யாரோ ரிப்பனைச் சுழற்றி அப்படியே விட்டதுபோல் இருந்தது.

"அத்தே, ஃபேன ஆஃப் பண்ணு. பறந்துரும்."

அத்தை சிரித்தாள். ஆனால் ஃபேனை நிறுத்தினாள்.

தாத்தா இல்லாததால் அழைப்பு பெரியப்பா பெயரில்தான் போகவேண்டும். ஆங்கில வாசகத்தையும் அவரே எழுதிக்கொடுத்திருந்தார். கடைசியில் எல்லோரும் போடுகிற 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம் ரிலேட்டிவ்ஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வரியும் உண்டு. அந்த எழுத்துக்குச் சுற்றிலும் இடம் வேண்டும் என்று, அத்தை அவருக்குச் சொல்லாமலே அந்த வரியை எடுத்துவிட்டிருந்தாள்.

ஊரின் மறுகோடியான அல்வாலிலிருந்து பெரியப்பா வந்தார். திருநெல்வேலியை விட்டு எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மட்டும் அங்கேயேதான் இருந்தது.

"ஏட்டி, இது எழுத்தா, தலைமுடி உதுந்து கெடக்கா?"

"எழுத்துதாண்ணே."

அப்பா வேறு சேர்ந்துகொண்டார். "வீட்டுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் வச்சுல்லா அனுப்பணும்."

"அவ ஆபீஸ்ல நட்டு போல்ட்டுக்கெல்லாம் கொட்ட எழுத்துல பேரு போடுதா. கல்யாணத்துக்கு இப்படியா?" என்றார் பெரியப்பா. பிறகு தீர்ப்பும் சொன்னார்: "நான் தட்டாம வாசிச்சுட்டேன்னா இத அடி. எங்கயாவது முட்டுச்சுன்னா கொட்ட எழுத்துதான். பொறவு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அட்டையை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி நீட்டினார். ஒரு தடவை அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார். தாத்தா பெயர், மாப்பிள்ளையின் பட்டம், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் மழை மாதிரி வந்தன. நான் அவர் தோளோரம் நின்று விரலால் தொடர்ந்துகொண்டிருந்தேன். மண்டபத்தோடு அட்டை முடிந்தது. பெரியப்பா முடிக்கவில்லை. "வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம் ரிலேட்டிவ்ஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்" என்று அதையும் கணீரென்று வாசித்துவிட்டு அட்டையைக் கொடுத்தார்.

"தெளிவாத்தானட்டி இருக்கு. அடிக்கச் சொல்லு."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா சட்டென்று காபி டம்ளரை அவர் கையில் திணித்தாள். அத்தை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, பெரியப்பா வாசிச்ச லாஸ்ட் லைன் எங்க இருக்கு?"

"அது ரொம்ப மெலிசு. சின்னப் பிள்ளைக கண்ணுக்குத் தெரியாது."

நம்பினேன். உயரமானால் தெரியும் என்று, பீரோவில் இருந்த அழைப்பிதழை ஒவ்வொரு பிறந்தநாளன்றும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாளின் அடியில் இன்னும் மெல்லிய ஒரு வரி சாய்ந்து படுத்திருக்கிறது, பெரியவர்கள் அதைச் சும்மா படித்துவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பெரியப்பா அத்தையை நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு பார்வையை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த எழுத்துருவின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் பலவற்றோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தி வரும்போது 'ஆர்' எழுத்தின் வால் ஒத்துவராது.

பெரியப்பா இப்போது இல்லை. அத்தையிடம் கேட்டால், "அண்ணன் வாசிச்சாங்கல்லா, நீயுந்தான கேட்ட?" என்பாள், அதற்குமேல் பேச்சில்லை. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது அந்தக் கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது இன்னும் உறுதியாகவில்லை.